பத்துப் பேர் கணக்கு

தாயையோ தகப்பனையோ பறிகொடுத்த யூத மகன், பதினோரு மாதம் நாள்தோறும் 'கதிஷ்' ஓத வேண்டும். அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்க இறைவனின் புகழ்தான். மரபு வழியில் அதை ஓத வயது வந்த பத்து ஆண்கள் கூட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு 'மின்யான்' என்று பெயர். வீட்டு மூலையில் தனியாக உட்கார்ந்து அழலாம். கதிஷ் ஓத முடியாது.

நம் முத்துப்பேட்டையில் மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தாமதமில்லாமல் அடக்குவதைப் பார்த்தவர்களுக்கு யூதர்களின் அடக்கமும் அந்நியமாகத் தெரியாது. எளிய வெள்ளைத் துணி, சீக்கிரமான அடக்கம் இரண்டும் அங்கேயும் உண்டு. வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நம் தெருக்களில் மூன்றாம் ஃபாத்திஹா, நாற்பதாம் ஃபாத்திஹா என்றும், பக்கத்துத் தெருவில் பதினாறாம் நாள் காரியம் என்றும் ஊர் கூடுகிறது. பந்தல் பிரித்த பிறகு துக்கம் அந்த வீட்டாரின் சொந்தப் பாடாகிவிடுகிறது. யூத மரபோ முதல் ஏழு நாள் துக்க வீட்டுக்கே ஊரை வரவழைக்கிறது. அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருகிறார்கள். பிறகு அதே மரபு துக்கப்பட்டவனை ஜெபாலயத்துக்கு இழுக்கிறது. அவன் ஓத, மற்றவர்கள் 'ஆமேன்' சொல்ல வேண்டும். ஆறுதலை அவரவர் இரக்கத்துக்கு விட்டுவிடாமல் கடமையாக்கிய இந்த ஏற்பாட்டுக்கு ஈடாக நம்மிடம் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதே ஏற்பாடு கொச்சி யூதர்களிடம் என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கி வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். அவ்வளவு பழைய சமூகம் அது. மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயம் 1568இல் எழுந்தது. 1948இல் இஸ்ரேல் உருவானது. 1950களில் பெரும்பாலோர் அங்கே புறப்பட்டுப் போனார்கள். மிஞ்சியவர்கள் பத்து ஆணைச் சேர்க்க, வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

ஆள் குறைந்ததுதான் காரணம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆள் இருந்த காலத்திலேயே பலரை எண்ணாமல் விட்டவர்கள் பரதேசி யூதர்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லி ஒரு பிரிவினரை ஜெபாலயத்தின் உள்ளே உட்காரவிடவில்லை, முன்கூடத்தோடு நிறுத்தினார்கள். அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம், காந்திய வழியில் அங்கேயே சத்தியாக்கிரகம் செய்து உள்ளே இடம் வாங்கினார். கோயில் நுழைவுக்குப் போராடிய தமிழ்நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெண்களையோ அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆனால் கொச்சி யூதரின் இசையைக் காத்தவர்கள் அவர்கள்தான். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளப் பாட்டுகள்: வேதாகமக் கதை, மணமகளின் அழகு, கிளிப் பாட்டு. கையால் எழுதிய நோட்டுகளில் தாயிடமிருந்து மகளுக்கு அவை வந்தன. ஆண்கள் முன்னால் பெண் குரல் கேட்கக் கூடாது என்று கண்டிப்பான யூதச் சமூகங்கள் பல தடுத்திருக்க, கொச்சியில் ஆண்கள் இருக்கும் சபையிலேயே பாடினார்கள். ஸ்கரியா சக்கரியா, பார்பரா ஜான்சன் போன்ற ஆய்வாளர்கள் தேடிப் போனபோது, இஸ்ரேலில் குடியேறியிருந்த மூதாட்டிகள் அந்தப் பாட்டுகளைப் பாடிக் காட்டினார்கள். மட்டாஞ்சேரியில் பத்து ஆண்கள் சேராமல் கூட்டு வழிபாடு நின்றுபோனது. பெண்களின் பாட்டுக்கு அப்படித் தலையெண்ணிக்கை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவின் கன்சர்வேடிவ் யூதப் பிரிவு 1973இல் பெண்களையும் மின்யானில் எண்ணலாம் என்றது. வைதிகப் பிரிவினர் இன்றும் ஏற்கவில்லை. கொரோனா பரவிய 2020 மார்ச்சில், நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் திரையில் தெரியும் பத்து முகங்களும் போதும் என்று அதே கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு இடம் கொடுத்தது. இதில் எனக்குத் தயக்கம் உண்டு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தகப்பனின் அடக்கத்தைக் கைப்பேசியில் பார்க்கும் பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்று அவர்களிடம் யார் சொல்வது? ஆனாலும் தோளில் கை வைக்க ஓர் ஆள் நேரில் வருவதுதான் அந்தப் பத்துப் பேர் விதியின் உயிர். திரையை வழக்கமாக்கினால் அது போய்விடும்.

பத்தை ஐந்தாகக் குறைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். எண்ணிக்கை இருக்கட்டும், யாரை எண்ணுவது என்பதுதான் மாற வேண்டும். பிற மதத்து அக்கம்பக்கத்தார் எவ்வளவோ செய்யலாம். மட்டாஞ்சேரியில் உள்ள நெகேமியா மூத்தாவின் கல்லறையில், நம் ஜாம்புவானோடை தர்காவில் போலவே, எல்லா மதத்தாரும் நேர்ந்துகொண்டு விளக்கேற்றுகிறார்கள். ஜெபாலயத் தெருவில் தையல் கடை வைத்திருந்த சாரா கோஹனை முதுமையில் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். ஆனால் அவர்கள் மின்யானில் சேர முடியாது. சேரவும் கூடாது, அது யூதர்களின் வழிபாடு. அதனால்தான் சொந்தச் சமூகத்துப் பெண்களை விலக்கியது இன்னும் பெரிய இழப்பாகப் படுகிறது. சாரா கோஹன் 2019இல் 96 வயதில் மறைந்தார். ஜெபாலய நிர்வாகத்தையே கவனித்த க்வீனி ஹலேகுவா 2024இல். மட்டாஞ்சேரியில் கடைசிவரை தங்கியிருந்த மிகச் சிலரில் இருவர் அவர்கள். மரபுக் கணக்கின்படி, மற்ற எட்டுப் பேர் வந்து நின்றிருந்தாலும் இவர்களோடு சேர்த்துப் பத்து ஆகியிருக்காது.