மாடல் டீசலும் விருதுநகர் வெயிலும்

உள்ளங்கையில் அடங்கும் டீசல் எந்திரம் ஒன்றை வீட்டிலேயே, ஒரு சிறு லேத்தைக் கொண்டு செய்துவிடலாம் என்றால் எந்த மாணவருக்குத்தான் ஆசை வராது? இங்கிலாந்தில் 1898-ல் தொடங்கிய 'மாடல் என்ஜினீயர்' இதழின் மரபில் இதற்கான வரைபடங்கள் பல வெளிவந்துள்ளன. லாரன்ஸ் ஸ்பேரி வடிவமைத்த 5 சி.சி. எந்திரம் அவற்றுள் பெயர் பெற்றது. இவ்வகை எந்திரத்தை இயற்பியலை வைத்தும் நம் ஊர் வெயிலை வைத்தும் சற்று எடைபோட்டுப் பார்ப்போம்.

முதல் குறை பெயரிலேயே இருக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய எந்திரத்தில் காற்று மட்டுமே அமுக்கப்பட்டது. அமுக்கத்தால் சூடேறிய அந்தக் காற்றில் கடைசி நேரத்தில்தான் எண்ணெய் பீச்சப்பட்டது. நம் கரிசல் காட்டுக் கிணற்று மேடுகளில் தண்ணீர் இறைத்த ஆயில் எஞ்சின்களிலும் எண்ணெய் பீச்சப்படுவது இப்படித்தான். மாடல் டீசலிலோ பீச்சுகுழாயும் இல்லை, அதற்கான பம்பும் இல்லை. எரிபொருள் முன்னதாகவே காற்றோடு கலந்து உள்ளே போகிறது; கலவை முழுவதும் அமுக்கப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. பற்றும் நேரத்தைச் சரிசெய்ய, உருளையின் தலையிலுள்ள எதிர்ப் பிஸ்டனை நாம்தான் ஒரு திருகால் கூட்டிக் குறைக்க வேண்டும். ஆக, இதற்கு 'டீசல்' என்ற பெயர் பாதிதான் பொருந்தும்.

பீச்சு முறையைக் கைவிட்டதற்காக வடிவமைப்பாளர்களைக் குறை கூற முடியாது. கணக்கிட்டுப் பாருங்கள். 5 சி.சி. காற்றின் நிறை ஏறத்தாழ 6 மில்லிகிராம். அது எரிக்கக்கூடிய எண்ணெய் 0.4 மில்லிகிராம், அதாவது அரை கன மில்லிமீட்டர். ஒரு கடுகின் பருமனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு! இதை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து பீச்சும் பம்பை வீட்டுப் பட்டறையில் யார் செய்வது?

இந்த எந்திரத்தின் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 30 டிகிரி சென்டிகிரேடு காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அமுக்கினால், வெப்பம் வெளியே கசியாத நிலையில், அது 640 டிகிரியைத் தாண்டும் என்று பாடநூல் சூத்திரம் சொல்லும். கசியாத நிலையில்! உருளையின் நீள அகலங்களைப் பாதியாக்கினால் பருமன் எட்டில் ஒன்றாகிறது, சுவரின் பரப்போ நான்கில் ஒன்றாகத்தான் குறைகிறது. எனவே உள்ளிருக்கும் வாயுவின் அளவோடு பார்த்தால், வெப்பத்தை உறிஞ்சும் சுவர் இருமடங்கு. சிறிய எந்திரம் சூத்திரம் சொல்லும் சூட்டை எட்டாது. அதனால்தான் எளிதில் பற்றும் ஈதரைச் சேர்க்கிறார்கள். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் ஏறத்தாழச் சமபங்கு என்பது பழைய வழக்கம். வகுப்பில் கரும்பலகையில் நான் எவ்வளவு எழுதினாலும், அந்தத் திருகை அரைச்சுற்று திருப்பும்போது எந்திரத்தின் ஓசை மாறுவதைப் போலப் புரிய வைக்க முடியாது.

ஆனால் அந்த ஈதரில்தான் வினை இருக்கிறது. அதன் கொதிநிலை 34.6 டிகிரி. குளிர் நாட்டுப் பட்டறையில் அது புட்டியில் அடங்கியிருக்கும். விருதுநகரில் சித்திரை, வைகாசிப் பிற்பகலில் நிழலிலேயே சூடு அதைத் தாண்டிவிடுகிறது. மூடி சரியில்லாத புட்டியில் வைத்த கலவையிலிருந்து ஈதர் போய்விடும், எந்திரம் கிளம்பாது. காரணம் தெரியாத இளைஞர் திருகை மேலும் மேலும் இறுக்குவார். இணைப்புத் தண்டு வளையும். அதோடு போனால் தேவலை. ஈதரின் ஆவி காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் அடுப்பு வரை போய்த் தீயோடு திரும்பி வரும். காற்றுப் பட்டு நாள்பட்ட ஈதரில் வெடிக்கும் இயல்புள்ள பெராக்சைடுகளும் உண்டாகும்.

நான் பார்த்த செய்முறைக் குறிப்புகளில், பிஸ்டனை உருளைக்குள் மைக்ரான் கணக்கில் தேய்த்துப் பொருத்துவதற்குப் பக்கம் பக்கமாக இடம் தருகிறார்கள். எரிபொருளுக்கு நாலு வரிதான். மருந்து கலக்கும் அறையைத் தள்ளிக் கட்ட வேண்டும், ஒரு நேரத்தில் சிறிதளவே கலக்க வேண்டும் என்பது சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் அறிந்தது. இந்த நூல்கள் அந்த அளவுக்காவது கவலைப்பட்டிருக்கலாம்.

ஆகவே வரைபடத்தை வாங்குங்கள். எந்திரத்தை வீட்டிலேயே கடைந்து பொருத்துங்கள். எரிபொருளை மட்டும் வீட்டில் கலக்காதீர்கள். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்க, அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, திறந்த வெளியில் ஓட்டிப் பாருங்கள். மார்கழிக் காலை நேரம் இதற்கு ஏற்றது.