சுத்தமான பிரதி வேறு, நல்ல பிரதி வேறு

பழைய படம் ஒன்று ப்ளூ-ரேயில் வரும்போதும், பழைய வித்வான் ஒருவரின் கிராமபோன் தட்டுகளை யாராவது தொகுத்து வெளியிடும்போதும் முதலில் கிடைக்கிற பாராட்டு ஒன்றுதான். "என்ன சுத்தமா இருக்கு பாருங்க, நேத்து எடுத்த மாதிரி!" எனக்கு இதைக் கேட்டாலே சந்தேகம் வந்துவிடும். 1930களில் பதிவான ஒன்று நேற்று எடுத்த மாதிரி இருந்தால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். எதில் கை வைத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற விஷயம் என்பதால் விளக்குவது சுலபம்.

ஃபிலிமில் பிம்பம் என்பது வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்களிலிருந்து உருவாவது. அந்தத் துகள்களின் சலனத்தைத்தான் 'கிரெய்ன்' என்கிறோம். பிம்பத்தின் மேல் படிந்த தூசு என்று நினைத்துவிடக்கூடாது. பிம்பமே அதனால்தான் ஆகியிருக்கிறது. ஆனால் டிஜிட்டல் கம்ப்ரஷனுக்கு அது ஜென்ம விரோதி. வீடியோ என்கோடர் என்ன செய்யும்? முந்தைய ஃப்ரேமில் இருந்ததை வைத்து அடுத்த ஃப்ரேமை ஊகிக்கும், மாறியதை மட்டும் எழுதி வைக்கும். கிரெய்னோ ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறுகிறது. ஊகிக்க வழியே இல்லை. டேட்டா எகிறும். டிவிடி காலத்தில் இடம் போதாது என்று கிரெய்னைத் துடைத்தார்கள், சரி, ஒரு நியாயம் இருந்தது. ப்ளூ-ரே வந்து இடப் பிரச்சினை பெருமளவு தீர்ந்த பிறகும் துடைத்தார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. தட்டை டிவி வாங்கியவர்களுக்கு "பொரிப்பொரியா தெரியுது" என்ற புகார் வரக்கூடாது என்ற பயம்.

பிரபலமான உதாரணம் 'ப்ரெடேட்டர்' (1987). 2008-இல் வந்த முதல் ப்ளூ-ரே சொரசொரப்பாக இருந்தது என்று குறை சொன்னார்கள். 2010-இல் மறுபடி வந்தது. இப்போது கிரெய்ன் இல்லை. கூடவே அர்னால்டின் முகத்தில் வியர்வைத் துளைகளும் இல்லை, சுருக்கமும் இல்லை. மெழுகு பொம்மை காட்டுக்குள் துப்பாக்கியோடு ஓடுகிறது. 'பேட்டன்' (1970) கதை இதைவிடக் கொடுமை. அது 65 எம்.எம். ஃபிலிமில் எடுத்த படம். நெகட்டிவ் பெரிதாக இருந்தால் கிரெய்ன் தானாகவே சின்னதாகிவிடும், துடைக்க வேண்டிய தேவையே இல்லை. அதையும் 2008-இல் துடைத்தார்கள். முதலில் வந்த விமர்சனங்கள் பலவும் அதைப் புகழ்ந்தன. 2012-இல் சரியான பிரதி வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சீருடையின் நெசவு எங்கே போயிருந்தது என்று பலருக்கும் புரிந்தது.

இதற்கு நேர் எதிரான வேலை, சத்யஜித் ராயின் அபு முப்படங்கள். 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் மூல நெகட்டிவ்கள் கருகின. பயன்படாது என்று தெரிந்தும் அந்த எச்சங்களை அமெரிக்காவின் ஆஸ்கர் அகாதமி ஆவணக்காப்பகம் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. இருபது வருடம் கழித்து க்ரைட்டீரியன் நிறுவனமும் இத்தாலியின் பொலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரிட்ரோவாட்டா லேபும் அதைக் கையில் எடுத்தன. உடையும் நிலையில் இருந்த ஃபிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, உருகி ஒட்டிய டேப்பை நீக்கி, ஓரத் துளைகளைக் கையால் ஒட்டி, பிறகுதான் ஸ்கேன். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்து கிடைத்தன. 'அபுர் சன்சார்' நெகட்டிவ் தேறவில்லை, வேறு பிரதிகளிலிருந்து செய்தார்கள். 2015-இல் வெளியானது. அதைப் பார்த்தால் கிரெய்ன் இருக்கும். ஷாட்டுக்கு ஷாட் தரம் கொஞ்சம் மாறவும் மாறும், இது நெகட்டிவ், இது பிரதி என்று ஊகிக்கிற அளவுக்கு. நான் அதைக் குறையாகவே சொல்லமாட்டேன். எது எங்கிருந்து வந்தது என்று வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார்கள். ஒரு வெளியீட்டின் தரத்தில் பாதி அந்தத் தகவல்தான் என்பது என் கட்சி.

சரி, இசைக்கு வருவோம். அங்கே நிலைமை மோசம். படத்தில் மெழுகு முகத்தை யாரும் கண்டுபிடித்துவிடலாம். காதுக்கு அந்த 'மெழுகு' அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது. அதைவிட, நம் கர்நாடக சங்கீதத்தில் ஒரு தலைமுறைக்கு மிச்சமிருக்கிற ஒரே ஒலிச் சாட்சி அந்த மூன்று நாலு நிமிடத் தட்டுகள்தான். பக்கத்தில் வைத்து ஒப்பிட நெகட்டிவும் கிடையாது.

வீணை தனம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகு பதிவான சில தட்டுகள் மட்டுமே நமக்கு இருக்கின்றன. அவர் வாசிப்பு மென்மையானது, சத்தமே இல்லாமல் உட்கார்ந்து கேட்க வேண்டியது என்று கேட்டவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வீணையில் சங்கீதம் எங்கே இருக்கிறது? மீட்டுகிற கணத்தில் பாதிகூட இல்லை. ஒரு முறை மீட்டிவிட்டு, அந்த நாதம் தேய்ந்துகொண்டே போகும்போது தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைக் காட்டுவார்கள். கமகத்தின் கடைசிப் பகுதி ஒலிக்கும்போது நாதத்தின் அளவு தட்டின் இரைச்சல் மட்டத்துக்கு இறங்கிவிட்டிருக்கும். ஆனாலும் காது விடாது. இரைச்சலுக்குள்ளும் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு பின்தொடர நம் மூளைக்குத் தெரியும்.

சாஃப்ட்வேருக்குத் தெரியாது. இரைச்சல் நீக்கி எப்படி வேலை செய்கிறது என்றால், பாட்டு இல்லாத இடத்தில் ஒரு துண்டை எடுத்து ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் இரைச்சல் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்த அளவுக்குக் கீழே எது இருந்தாலும் அமுக்கிவிடும். தேய்ந்து போகும் கமகமும் அந்த அளவுக்குக் கீழேதானே இருக்கிறது? போச்சு. மீட்டல் கணீரென்று கேட்கும், பின்னால் வெறுமை. கேட்பவர் "அந்தக் காலத்துல கமகம் கம்மி போல" என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு பாணியைப் பற்றிய தப்பான வரலாறு இப்படித்தான் உருவாகிறது.

நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஆடாசிட்டி இலவச மென்பொருள். அதன் இரைச்சல் நீக்கியில் 'ரெசிட்யூ' என்று ஒரு தேர்வு உண்டு. எதை நீக்கப் போகிறதோ அதை மட்டும் கேட்கச் செய்யும். வெறும் 'ஸ்ஸ்ஸ்' கேட்டால் நிம்மதி. அந்த 'ஸ்ஸ்ஸ்'-க்குள் மிருதங்கத்தின் சாப்பு, தம்புராவின் மேல் ஸ்வரங்கள், சாகித்யத்தின் ஸகார ஷகாரம் எல்லாம் பேய் மாதிரி நடமாடினால், அத்தனையும் குப்பைக் கூடைக்குப் போகிறது என்று பொருள்.

இன்னொரு வேடிக்கை, இந்த இரைச்சலில் கணிசமான பங்கு நாமே உண்டாக்குவது. 78 தட்டின் பள்ளம் அகலமானது, சுமார் 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி. ஊசி 25 மைக்ரான்தான். அதைப் போட்டு 78-ஐ ஓட்டினால் முனை பள்ளத்தின் அடியில் போய் அழுக்கைச் சுரண்டும். சரியான ஊசி, தட்டை ஒழுங்காகக் கழுவுவது, இந்த இரண்டும் செய்தாலே பாதிச் சண்டை முடிந்தது. அதைச் செய்யாமல் சுரண்டலைப் பதிவு செய்துவிட்டு, பிறகு சாஃப்ட்வேரைக் கூப்பிடுவது என்ன நியாயமோ. நடுத்துளை கொஞ்சம் விலகியிருந்தால் இன்னொரு கூத்து: தட்டு வினாடிக்கு 1.3 முறை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஏறி இறங்கும். அசையாமல் நிற்க வேண்டிய ஷட்ஜம் ஊஞ்சலாடும்.

இதையெல்லாம்கூட சகித்துக்கொள்ளலாம். வேகம் தப்பினால் எதுவுமே மிஞ்சாது.

ஐரோப்பிய டிவிடிக்களில் இந்தப் பிரச்சினை பழகிப்போன ஒன்று. வினாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை 25-இல் ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஒலியைத் திருத்தாமல் விட்டால் சுருதி முக்கால் ஸ்வரஸ்தானத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். இது எல்லா டிவிடியிலும் ஒரே அளவு என்பதால் திருப்பிக் கணக்குப் போட முடியும். 78 தட்டில் அதற்கும் வழியில்லை, ஏனென்றால் '78' என்பதே பெயரளவுக்குத்தான். ஆரம்பகாலப் பதிவுகள் எழுபது சொச்சத்திலிருந்து எண்பதுக்கு மேல் வரை கண்டபடி இருந்தன.

என்னிடம் ஒரே தட்டின் இரண்டு டிஜிட்டல் பிரதிகள் இருக்கின்றன. 1920களின் நாடகப் பாட்டு, ஆர்மோனியத்தோடு. ஒன்று 3 நிமிடம் 5 வினாடி, ஒரு நிறுவனம் விற்ற சி.டி.யிலிருந்து. இன்னொன்று 3:15, சேகரிப்பாளர் ஒருவர் செய்தது. 195-ஐ 185-ஆல் வகுத்தால் 1.054. 78-ஐ 74-ஆல் வகுத்தாலும் அதேதான். அதாவது சேகரிப்பாளர் 74 என்று தீர்மானித்திருக்கிறார், நிறுவனம் யோசிக்காமல் 78-இல் ஓட்டியிருக்கிறது. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம். சி.டி.யில் பாடகரின் சுருதி ஐந்தரைக் கட்டை, மற்றதில் ஐந்து.

ஆர்மோனியம் நமக்கு உதவ வேண்டும். அதன் கட்டைகள் நிலையானவை. சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்தால் வேகம் தப்பு என்று சந்தேகிக்கலாம். ஆனால் இங்கே பிழை கிட்டத்தட்ட முழு ஸ்வரஸ்தானம் என்பதால் இரண்டு பிரதியிலும் சுருதி ஏதோ ஒரு கட்டையின் மேல் சரியாகவே உட்கார்ந்துவிடுகிறது. மின்சாரப் பதிவாக இருந்தால் சில சமயம் 50 ஹெர்ட்ஸ் முனகல் பின்னணியில் மாட்டியிருக்கும், அது 52.7-இல் தெரிந்தால் கேஸ் முடிந்தது. 1925-க்கு முந்தைய முறையில், குழலுக்குள் பாடிப் பதிந்த தட்டில் மின்சாரமே கிடையாது. இது அந்த வகை.

மிச்சமிருப்பது மனிதக் குரல். பாட்டின் நடுவே பக்கவாத்தியக்காரர் ஒருவர் "பேஷ்!" என்கிறார். வேகம் கூடும்போது சுருதி மட்டும் ஏறுவதில்லை. வாய், தொண்டை அறைகளின் அதிர்வுகளும் கூடவே ஏறும். ஆள் குள்ளமாகிவிட்ட மாதிரி இருக்கும். 3:05 பிரதியில் அந்த 'பேஷ்' பதினைந்து வயதுப் பையனுடையது. 3:15-இல் வெற்றிலை போட்ட நடுவயது ஆள். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். சொனிக் விஷுவலைசரில் ஸ்பெக்ட்ரோகிராம் போட்டு, சில உயிரெழுத்துக்களின் அதிர்வுப் பட்டைகளையும் பார்த்தேன். அவையும் இரண்டாவதன் பக்கம்தான் சாய்கின்றன.

அரைக்கட்டையில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மைக் வருவதற்கு முந்தைய நாடகப் பாடகர்கள் நம்பமுடியாத சுருதியில் பாடினார்கள் என்று நாம் நூறு இடத்தில் படித்திருக்கிறோம். பாடினார்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் தட்டைக் கேட்டு அந்தச் சுருதியை அளந்து, பிறகு வந்தவர்கள் இத்தனை கட்டை இறங்கிவிட்டார்கள் என்று கணக்கெழுதும்போது, அதில் எவ்வளவு தொண்டை, எவ்வளவு மோட்டார் என்று பிரிக்க வேண்டாமா? பிருகா வேகமும் அப்படித்தான். 5 சதவீதம் வேகம் ஏறிய பிருகாவைக் கேட்டு இன்றைய மாணவர் ஒருவர் தன் குரலை நொந்துகொள்கிறார்.

காது மட்டும் போதாது என்பதற்கு ஜாய்ஸ் ஹேட்டோ விவகாரத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. பிரிட்டிஷ் பியானோ கலைஞர், 2006-இல் இறந்தார். கடைசி வருடங்களில் அவர் பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட சி.டி.க்கள், விமர்சகர்களின் ஏகோபித்த புகழ். 2007-இல் ஒரு ரசிகர் லிஸ்ட் சி.டி. ஒன்றைக் கணினியில் போட்டபோது, ஐட்யூன்ஸ் அதை லாஸ்லோ சைமன் என்ற வேறொருவரின் பதிவு என்று காட்டியது. அலைவடிவங்களை ஒப்பிட்டார்கள், உண்மைதான். அடுத்தடுத்துப் பலதும் திருட்டு என்று தெரிந்தது. சிலவற்றின் வேகத்தை வேண்டுமென்றே மாற்றியிருந்தார்கள். கணவர் பின்னர் ஒப்புக்கொண்டார். அதே சமயம் லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷோப்பானின் மசுர்காக்களைத் தாள வேறுபாட்டு வரைபடமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஹேட்டோவும் யூஜின் இஞ்சிக்கும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அட்டையில் இருந்த பெயரையும் பின்னாலிருந்த சோகக் கதையையும் சேர்த்துத்தான் காது கேட்டிருக்கிறது.

அதற்காக எண்களே தீர்ப்பு சொல்லட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள், உள்ளே இருப்பது இரைச்சல் நீக்கிய பழைய கேசட் பிரதி. எனவே இப்போதெல்லாம் ஒரு வெளியீட்டை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதன் கையேட்டைத்தான். தட்டின் எண், தட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண், ஓட்டிய வேகம், அந்த வேகத்தை எப்படித் தீர்மானித்தார்கள், எந்த ஊசி, எந்த ஈக்வலைசேஷன். இதில் பாதி இருந்தாலும் இரைச்சலோடு வாங்கிவிடுவேன். எதுவும் இல்லாமல் வித்வானின் படமும் நாலு பக்கப் புகழ்மாலையும் மட்டும் இருந்தால், எவ்வளவு பளிச்சென்று ஒலித்தாலும் என் பட்டியலில் அதற்கு இடம் பின்னால்தான்.

வீட்டில் தாத்தா காலத்துத் தட்டு வைத்திருப்பவர்கள் டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கும்போது, எந்தச் சுத்திகரிப்பும் செய்யாத கச்சாப் பதிவையும் தனி ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள். வேகத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இரைச்சலையும் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்றாலும் எழுபது எம்.பி.யைத் தாண்டாது.