எண் உண்டு, பெயர் இல்லை

அம்பத்தூர்ப் பகுதியிலுள்ள மேனாம்பேடு போன்ற ஒரு பழைய கிராமத்தின் நீர்வழிகளைத் தேடிப் போகிறவருக்கு முதலில் கிடைப்பது வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேடுதான். புல எண், பரப்பு, வகைப்பாடு எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏரிக்குப் பெரும்பாலும் பெயரும் இருக்கும். அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்களோ வெறும் ‘வாய்க்கால்’, ‘ஓடைப் புறம்போக்கு’ என்பதோடு முடிந்துவிடும்.

இந்தப் பதிவின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டம் சாய்ந்து நிற்பது இத்தகைய அளவுகளின் மேல்தான். ஊரே ஒரு பெயரைச் சொன்னாலும், புல எண் காட்ட முடியாத ஓடைக்காக வழக்காடுவது பெரும்பாடு. அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வயல்கள் மனைகளாகிப்போன இந்தப் பகுதியில் ஓடை இருந்ததற்கான சாட்சியாகப் பல இடங்களில் அந்த எண் ஒன்றே எஞ்சியிருக்கிறது.

ஆனால் எண், ஓடையைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. ஒரு கிராம எல்லையோடு ஓர் எண் முடிகிறது, அடுத்த ஊரில் வேறு எண். தண்ணீர் அப்படி ஓடுவதில்லை. அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகிறது. இந்தத் தொடர்ச்சியைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் பார்க்க முடியாது. ஊரார் வாயில் ஒரு கால்வாய்க்குத் தலையிலிருந்து கலங்கல்வரை ஒரே பெயர் இருந்தால், அந்தப் பெயரே அதன் வரைபடம். 2015 வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தபோது, அது வழி என்றே தெரியாமல் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் எத்தனை பேர்!

நம் மரபில் வெறும் எண்ணைவிட நல்ல முறை இருந்தது. பக்கத்துத் திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த முதலாம் இராசேந்திரன் காலச் செப்பேடுகள், பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்தபோது அதன் எல்லையைச் சுற்றி நடந்தே விவரிக்கின்றன. பெண்யானையை நடத்தி எல்லை குறித்த காலம் அது. நடந்தவர்கள் கண்ட அடையாளங்கள் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. அதிலும் எழுதியவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்களே என்பதை மறக்கக் கூடாது.

பிற்காலத்திலும் அந்தக் குறை நீடித்தது. கணக்கை வைத்திருந்தவர் கர்ணம். இரவில் மடை திறந்து, வாய்க்கால் நெடுக நடந்தவர் நீர்க்கட்டி, பெரும்பாலும் சேரிக்காரர். அவர் அறிந்த பெயர் கணக்கில் ஏற வழி இருந்ததா? 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அது செய்ய வேண்டிய காரியம். ஆனால் அவர்கள் நினைவில் மட்டும் இருந்தவற்றை யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை என்பது பெரிய இழப்பு.

அயர்லாந்தில் 1830-களில் பிரிட்டிஷ் நில அளவையினர் வைத்திருந்த பெயர்ப் புத்தகங்கள், ஒரு பெயர் எங்கெங்கே எப்படி வழங்குகிறது என்பதை ஆதாரத்தோடு குறித்தன. அறிஞர் ஜான் ஓடோனவன் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். முடிவில் வரைபடத்தில் ஏறியது ஆங்கில வடிவமே. ஆனாலும் ஆதாரத்தைக் குறித்து வைத்ததால் பின்வந்தவர்களால் பழைய வடிவத்தை மீட்க முடிந்தது. நம்மிடம் இல்லாதது அந்த ஒரு கட்டம்.

நம் கவனமெல்லாம் ஊர்ப்பெயரில்தான். ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ அருமையான நூல், ஆனால் அதன் அக்கறை ஊர்களின் பெயர் வரலாறு. 2020-இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவு உழைப்பில் ஒரு பங்கு ஓடைகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

பெயர்களை அப்படியே பதிவதிலும் ஆபத்து உண்டு. சாதி இழிவைச் சுமக்கும் குளப்பெயர்களும் குட்டைப்பெயர்களும் இருக்கின்றன. அவற்றை மாற்ற 2025 அக்டோபரில் அரசு எடுத்த முடிவை நான் ஆதரிக்கிறேன். பலகையிலிருந்து அந்தப் பெயர் போகட்டும். பதிவேட்டில் மட்டும் பழைய பெயர் ஒரு குறிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பத்திரத்தில் உள்ள குளம் எது என்று நாளை யாராலும் காட்ட முடியாது.

புல எண்ணுக்கு எதிரே பெயர், சொன்னவர், தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று மூன்று கட்டங்கள் சேர்த்தால் போதும். வேலையை நீர்க்கட்டிக் குடும்பங்களில் தொடங்க வேண்டும். மடை திறந்த நினைவு உள்ளவர்கள் இன்று முதியவர்கள்.