கடற்கோட்டையில் தொடங்குங்கள்

ஊர்காவற்றுறையில் ‘பாதை’ என்றால் தெரு அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு காரைநகருக்குக் கடலைக் கடக்கிற மிதவை. அதில் ஏறிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். தலையை நிமிர்த்தினேன், அப்படியே நின்றுவிட்டேன். சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு கோட்டை! கடலிலிருந்தே முளைத்தது போல, அலை அடிவாரத்தில் மோத, கறுத்த மதில்களோடு நின்றது.

“உது கடற்கோட்டை தம்பி,” என்றார் பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற அம்மா. “உள்ளுக்கும் போகலாம். நேவிக்காரர் வள்ளத்தில கொண்டுபோவினம்.”

போனேன். காரைநகர்ப் பக்கமிருந்து சிறு வள்ளப் பயணம். கடற்படை இப்போது அதை விடுதியாக நடத்துகிறது. ஒரு காலத்தில் சிறையாக இருந்த கட்டடம் இது. ‘ஹம்மன்ஹீல்’ என்பது ஒல்லாந்தர் வைத்த பெயர். இலங்கை வரைபடம் அவர்கள் கண்ணுக்கு உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். அதன் குதிகால் இருக்கும் இடம் இந்தத் திட்டு. பெயர் எப்படியும் போகட்டும், அந்த மதிலைத் தொட்டுப் பாருங்கள்! முருகைக்கல். உற்றுப் பார்த்தால் கல்லுக்குள் பவளப்பூச்சிகள் கட்டிய சின்னச்சின்ன அறைகள் தெரியும். கடல் பெற்ற கல்லைக்கொண்டே கடலை அடக்க ஒரு கோட்டை.

கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658 மார்ச்சில் ஒல்லாந்தத் தளபதி ரைக்லோஃப் வான் கூன்ஸின் படை இதைச் சூழ்ந்தபோது, உள்ளே இருந்தவர்களைப் பணியவைத்தது குண்டைவிடத் தாகம்தான். குடிதண்ணீர் தீர்ந்துபோயிற்று. அந்தப் பாடத்தை ஒல்லாந்தர் மறக்கவில்லை. மழைநீரைப் பிடித்துவைக்கக் கோட்டைக்குள் கல்லாலேயே தொட்டி கட்டினார்கள். மதில் மேல் ஏறி நின்றேன். ஒரு பக்கம் ஊர்காவற்றுறை, மறுபக்கம் காரைநகர், எதிரே திறந்த கடல். யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமில்லாதது. பெரிய கப்பல் நகரம்வரை வர முடியாது, இந்த வாயிலில்தான் நிற்க வேண்டும். இந்தத் திட்டு யார் கையிலோ, யாழ்ப்பாணத்துக்கான கடல்வழியும் அவர் கையில். பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடத்தில் எத்தனை முறை படித்தும் ஏறாதது, அந்த மதிலில் பத்து நிமிடம் நின்றபோது ஏறிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், யாழ்ப்பாணக் கோட்டையை முதலில் பார்க்காதீர்கள். கடற்கோட்டையைப் பார்த்துவிட்டு, பண்ணைப் பாலம் வழியாக நகருக்குள் வாருங்கள். அப்போது அந்த ஐங்கோணக் கோட்டை ஒரு இடிந்த மதிலாகத் தெரியாது, ஒரு கடல்வழியின் முடிவிடமாகத் தெரியும். மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு 1658 ஜூனில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டையைப் பிரித்து, ஐந்து கொத்தளங்களோடு புதிதாகக் கட்டினார்கள். 1680 உள்மதில் முடிந்த ஆண்டு. வெளி அரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்றே ஆண்டில், 1795இல், பிரித்தானியர் வந்து எடுத்துக்கொண்டார்கள்!

உள்ளே சிலுவை வடிவில் 1706இல் கட்டிய தேவாலயம் இருந்தது. 1990இல் மீண்டும் தொடங்கிய போரில் அது தரைமட்டமானது. அந்தக் கற்குவியலின் முன் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மதில்களைத் திருத்தி எழுப்பியிருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் அந்தத் தேவாலயத்தை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

ஒல்லாந்தர் இத்தனையும் எதற்காகக் கட்டினார்கள்? கறுவா தெற்கில் விளைந்தது. வடக்கில் அவர்களுக்குக் காசு தந்தவை யானையும் சாயவேரும் பனஞ்சலாகையும். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவுக் களப்பைக் கடந்து குடாநாட்டுக்கு வந்தன, இந்திய வணிகர்களுக்கு விற்கப்பட்டு ஊர்காவற்றுறையில் கப்பலேறின. ஆனையிறவு வழியாகப் பஸ்ஸில் எத்தனை முறை தூங்கிக்கொண்டே போயிருப்போம்!

தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களையும் சூட்டிப் பார்த்தார்கள். நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைநகர் அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க். ஒன்றும் ஒட்டவில்லை, நெடுந்தீவுக்கு வைத்த ‘டெல்ஃப்ற்’ மட்டும் ஆங்கில வரைபடங்களில் இன்றும் நிற்கிறது. மாறாக, அவர்களுடைய சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. கந்தோர், லாச்சி, போஞ்சி, கக்கூசு. என் அம்மம்மா லாச்சியைத் திறந்து தபாற்கந்தோர் புத்தகத்தை எடுத்தபோது ஒல்லாந்துமொழி பேசினார் என்று அவருக்கே தெரியாது.

சொல் மட்டுமா? யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எழுத்தில் தொகுத்தார். சீதனம், முதுசம் என்று இன்றைக்கும் நீதிமன்றத்தில் வழக்காடும் தேசவழமைச் சட்டம் அதுதான். பருத்தித்துறையில் புளியமரத்தடியில் பிரசங்கம் செய்த பிலிப்பு பால்டியஸ் பாதிரியார், 1672இல் ஒல்லாந்தில் வெளியிட்ட நூலில் தமிழ் எழுத்துகளையே அச்சிட்டுக் காட்டினார். அந்த மரம் இன்று இல்லை. மரம் நின்ற இடத்தைத் தேடிப்போய் நின்றபோது கடற்காற்று முகத்தில் அடித்தது, எனக்கு அதுவே போதும்.

கடைசி நாள் நெடுந்தீவு. குறிகட்டுவானில் படகேறி ஒரு மணி நேரம். வீட்டு வேலியெல்லாம் சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல். வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் மேய்கின்றன. கடலோரக் கோட்டையில் பாதி மதில் விழுந்துவிட்டது, மிச்சச் சாளரங்களின் வழியே நீலக்கடல் தெரிகிறது. உலகத்தில் எங்கே போனாலும் இந்தக் காட்சியை மறக்கமாட்டேன்.

போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நெடுந்தீவுக்குக் காலையில் முதற் படகைப் பிடியுங்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்த முருகைக்கல்லில் பெயர் கீறாதீர்கள், ஒரு துண்டைக்கூடப் பெயர்த்து எடுக்காதீர்கள்.