துருவுக்குக் கிடைக்கும் தள்ளுபடி

அமெரிக்கப் புறநகர்களில் கோடைக்காலச் சனிக்கிழமைகளில் வீட்டு வாசலில் மேசை போட்டு, வேண்டாத சாமான்களைப் பரப்பி விற்பார்கள். அது கராஜ் சேல். வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டாலோ, சிறிய வீட்டுக்குக் குடிபோனாலோ கதவைத் திறந்துவைத்து உள்ளே இருப்பதையெல்லாம் விற்பது எஸ்டேட் சேல். இவை போக, குட்வில், சால்வேஷன் ஆர்மி போன்ற தொண்டு அமைப்புகள் நடத்தும் பழைய பொருள் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. இந்த இடங்களில் அடிக்கடி கண்ணில் படும் தச்சுக் கருவி ஸ்டான்லி கம்பெனியின் 4ஆம் எண் இரும்பு இழைப்புளி. இந்த விமர்சனம் அதைப் பற்றியதுதான். ஆனால் கடையில் பெட்டி பிரித்து எடுத்த பொருளைப் போல இதை விமர்சிக்க முடியாது. ஒரே எண் தாங்கிய இரண்டு இழைப்புளிகளில் ஒன்று நாற்பது வருடம் தச்சர் கையில் உழைத்திருக்கும், இன்னொன்று நிலவறை ஈரத்தில் உறங்கியிருக்கும். அதனால் மேசைமேல் கிடக்கும் அந்த ஒன்றை எப்படி மதிப்பிடுவது என்பதும் விமர்சனத்தின் பகுதியாகிவிடுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கருவிகளுக்கு விலை வைப்பவை தோற்றமும் அபூர்வமும். மரத்தை இழைக்கும் திறமைக்கும் இவை இரண்டுக்கும் உறவு மிகக் கொஞ்சம். மலிவு என்பது இந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது.

பொருளை முதலில் பார்ப்போம். நீளம் சுமார் 9 அங்குலம், பிளேடின் அகலம் 2 அங்குலம், எடை ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வார்ப்பிரும்பு உடல், மரக் கைப்பிடிகள். இதன் அமைப்பை உருவாக்கியவர் லெனார்ட் பெய்லி. அவருடைய காப்புரிமைகளை கனெடிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் இயங்கிய ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி 1869இல் வாங்கிக்கொண்டது. அதற்கு முன் மர இழைப்புளியில் பிளேடை ஆப்பு வைத்து இறுக்கி, சுத்தியலால் தட்டித் தட்டித்தான் ஆழம் சரிசெய்ய வேண்டும். அனுபவம் இல்லாத கைக்கு அது பெரும்பாடு. பெய்லி அமைப்பில் பின்புறமுள்ள பித்தளைச் சக்கரத்தை விரலால் திருப்பினால் பிளேடு இறங்கும், ஏறும். காப்புரிமைக் காலம் முடிந்ததும் உலகமே இதை நகல் எடுத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்ட் கம்பெனி 04 என்ற எண்ணில் செய்தது. நம் நாட்டில் அனந்த் கம்பெனி செய்யும் இரும்பு இழைப்புளியும் இதே குடும்பம்தான். ஒன்றரை நூற்றாண்டாக அமைப்பு பெரிதாக மாறவில்லை என்பதில் வாங்குபவருக்கு ஒரு லாபம் இருக்கிறது: 1925ஆம் வருட இழைப்புளிக்கு 1950ஆம் வருடத்தின் பிளேடும் கைப்பிடியும் பெரும்பாலும் பொருந்திவிடும்.

வேலையில் எப்படி? பிளேடு நன்றாகத் தீட்டப்பட்டு, அதன் முதுகில் உட்காரும் மேல்தகடு வெட்டுமுனையிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் நெருக்கி வைக்கப்பட்டிருந்தால், நார் முறுக்கிய மரத்திலும் பிய்ந்து வராமல் இழைக்கும். மேல்தகட்டின் வேலை சீவலை உடனே மடக்கிவிடுவது. மடங்கிய சீவலுக்கு முன்னோக்கிப் பிளந்துகொண்டு ஓடும் பலம் இருக்காது. பிளேடு சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, தடித்த பிளேடு அதிராது என்பார்கள். மெல்லிய பிளேடில் தீட்டிக் கழிக்கவேண்டிய இரும்பு குறைவு, ஆகவே நிமிடங்களில் கூர் வரும். கையால் தீட்டுபவருக்கு இதுவே வசதி. உண்மையான குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஆழச் சக்கரத்தைத் திசை மாற்றித் திருப்பும்போது கணிசமான தூரம் வெறுமனே சுற்றிய பிறகே பிளேடு அசையும். அதன் மரை இடப்பக்க மரை என்பதால் புதியவர்கள் முதலில் தடுமாறுவார்கள். பிளேடு வெளியே எட்டிப் பார்க்கும் வாயைக் குறுக்கவோ அகலப்படுத்தவோ வேண்டுமென்றால், பிளேடைக் கழற்றி, அது சாய்ந்திருக்கும் ஃபிராக் என்ற இரும்புப் பகுதியின் திருகுகளைத் தளர்த்த வேண்டும். பிளேடைக் கழற்றாமலே அதைச் செய்யும் வசதி ஸ்டான்லியின் விலையுயர்ந்த பெட்ராக் வரிசையில் பிற்பாடு வந்தது, 4ஆம் எண்ணுக்கு வரவேயில்லை. தினசரி வேலையில் இது அவ்வளவு உறுத்தாது. வாயை ஒருமுறை சரியாக வைத்தால் பெரும்பாலானவர்கள் மறுபடி தொடுவதில்லை.

இனி மேசைமேல் கிடப்பதற்கு வருவோம். பார்க்க வேண்டியது துருவை அல்ல, சரிசெய்ய முடியாதவற்றை. தலையாயது உடலில் வெடிப்பு. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் நெளியாது, உடையும். வாயின் மூலைகள், பக்கச்சுவர் அடித்தட்டோடு சேரும் கோடு, கைப்பிடித் திருகு இறங்கும் இடம் இவற்றில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளேடையும் பிடிகளையும் கழற்ற விற்பவர் அனுமதித்தால் உடலை விரல் நுனியில் தொங்கவிட்டுச் சுண்டலாம். முழுமையான வார்ப்பு மணிபோல் ஒலிக்கும், வெடித்தது மந்தமாக. பித்தளைப் பற்றவைப்பின் மஞ்சள் கோடு தெரிந்தால் நகர்ந்துவிடலாம். அடுத்தது வாயின் விளிம்பு மூக்கறுந்திருப்பது. சிறு சேதம் ஒன்றும் செய்யாது, பிளேடின் அகலம் முழுக்கச் சிதைந்திருந்தால் மென்மையான வேலைக்கு உதவாது. மூன்றாவதாக, பாகங்கள் குறைவது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டான்லியின் பல திருகுகள் 12-20 என்ற விசித்திர மரை கொண்டவை. இன்றைய ஹார்டுவேர் கடையில் அது கிடைக்காது. கைப்பிடியின் நீளத் திருகு ஒன்று காணாமல் போனால், அதைத் தேடி வாங்கும் செலவு இழைப்புளியின் விலையை எட்டிவிடும். மாறாக, கைப்பிடியின் மேல் கொம்பு உடைந்திருப்பது பார்க்க அசிங்கம்தான், ஆனால் துண்டு மரத்தை ஒட்டிச் செதுக்கினால் தீர்ந்தது. பிளேடு குட்டையாகியிருந்தால் மாற்றுப் பிளேடு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

துருவிலும் சாதி உண்டு. மேலோட்டமான சிவப்புத் துரு எவ்வளவு பயங்கரமாகத் தோன்றினாலும் ஒரு மாலை வேலைதான். சிட்ரிக் அமிலக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். மின்பகுப்பு இன்னும் மென்மையான வழி. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் கருவி, நேர்முனையில் வேண்டாத இரும்புத் தகடு. துரு கழன்று சேறாக மிதக்கும், நல்ல இரும்பு தேயாது. நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகு வைக்கக் கூடாது, நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். எந்த வழியானாலும், கழுவி எடுத்த கையோடு துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் சில நிமிடங்களில் புதுத் துரு பூக்கும். இரும்பையே குழி குழியாகத் தின்றிருக்கும் துரு வேறு விஷயம். அடித்தட்டில் இருந்தால்கூட மன்னிக்கலாம், குழிகளுக்கு நடுவே மீந்திருக்கும் சமதளம் மரத்தின் மேல் ஒழுங்காகவே வழுக்கும். பிளேடின் தட்டையான பக்கத்தில், முனைக்கு அருகே குழிகள் இருந்தால் கூர் வரவே வராது. மேசைக்குச் சொந்தக்காரருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. இரண்டையும் ‘துருப்பிடிச்ச சாமான்’ என்றே பார்த்து விலையைக் குறைக்கிறார். நீக்கக்கூடிய துருவுக்கு அவர் தரும் தள்ளுபடி முழுக்க வாங்குபவர் பைக்குப் போகிறது.

அபூர்வத்தின் விலைக்கு எதிர்த்திசையில் அதே கதை. ஸ்டான்லியின் 1ஆம் எண் ஐந்தரை அங்குல நீளமே உள்ள குட்டி. நல்ல நிலையில் இருப்பது 1000 டாலருக்கு மேல் போகிறது, போலிகளும் உலவுகின்றன. அதைக் கையில் பிடித்து ஒரு பலகையை இழைப்பது சுகமான காரியமில்லை. சேகரிப்பாளர்கள் பெய்லி இழைப்புளிகளை வார்ப்புக் குறிகளை வைத்து 20 வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஃபிராக்கின் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள் பொறித்திருந்தால் அது 1910களின் 11ஆம் வகை. பிளேடில் இதய வடிவ முத்திரை இருந்தால் அந்த பிளேடு 1920 முதல் 1930களின் நடுப்பகுதி வரையிலான காலத்தது. இந்த அடையாளங்கள் கூடக் கூட விலை ஏறும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வகையைப் பாருங்கள். பித்தளைத் தட்டுப்பாட்டால் சக்கரத்தை எஃகிலும் கடின ரப்பரிலும் செய்தார்கள், அழகில்லை. ஆனால் வார்ப்பு தடிமனானது, எடை கூடியது. இழைப்பவர் கைக்கு அது நல்லதே. 4ஆம், 5ஆம் எண்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை என்பதால் சேகரிப்பாளருக்கு அலுப்பு, நமக்கு அதிர்ஷ்டம். அபூர்வமில்லாமல், அழகில்லாமல், முழுமையாக இருப்பதுதான் தேட வேண்டிய இழைப்புளி. அப்படிப்பட்டது பத்து, இருபது டாலருக்கு இன்றும் கிடைக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது ஒன்று: பழையது நல்லது என்பதே ஒரு மயக்கம். நல்லவை மட்டும் பிழைத்து நம் காலத்துக்கு வந்திருக்கின்றன, மட்டமானவை அன்றே காயலான் கடைக்குப் போய்விட்டன, மிஞ்சியதைப் பார்த்து அந்தக் காலமே உயர்ந்தது என்கிறோம். கார்களுக்கும் வீடுகளுக்கும் இது சரியாக இருக்கலாம். இழைப்புளிக்கு இது பொருந்தாது, ஏனென்றால் பிழைப்பதற்கு அது நன்றாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வார்ப்பிரும்புத் துண்டை அலமாரியில் போட்டுவைத்தால் நூறு வருடம் கிடக்கும். பழைய சாமான் மேசைகளில் மட்டமான இழைப்புளிகளும் ஏராளம். இன்னும் சொல்லப்போனால், வெட்டாதது பயன்படாமலே கிடந்து பளபளப்போடு பிழைக்கும். பாதி தேய்ந்த பிளேடும் உள்ளங்கை வழவழப்பு ஏறிய கைப்பிடியும் கொண்டதை யாரோ வருடக்கணக்கில் விரும்பி இழைத்திருக்கிறார், வெட்டாத கருவியை யாரும் ஆயிரம் முறை தீட்ட மாட்டார்கள். ஆகவே தேய்மானத்தை நான் நற்சான்றாகவே எடுத்துக்கொள்வேன். வயதைச் சான்றாக எடுக்க மாட்டேன். அதே ஸ்டான்லியின் பிற்கால வார்ப்புகளில் ஃபிராக் உட்காரும் தளத்தைக் கடைசல் பிடிப்பதில் சிக்கனம் தெரிகிறது, பிளேடைப் பக்கவாட்டில் சாய்க்கும் நெம்புகோல் ஒரே தகட்டை மடக்கியதாகிவிட்டது. அவற்றையும் இழைக்க வைக்கலாம், உழைப்புதான் கூடும்.

இரண்டாவது மறுப்பு நேரத்தைப் பற்றியது. துரு நீக்க ஒரு மாலை, அடித்தட்டைச் சமப்படுத்த கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கும் இரண்டு மணி நேரம், பிளேடு தீட்ட இன்னும் கொஞ்சம். இதற்குக் கூலி போட்டால் மலிவு எங்கே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம், ஒப்பிடும் பொருள்தான் தவறு. ஹார்டுவேர் கடையில் விற்கும் மலிவான புது இழைப்புளியும் நேராக வேலைக்கு வருவதில்லை. அதன் அடித்தட்டும் சமமாக இருப்பதில்லை, பிளேடுக்கும் கூர் இருப்பதில்லை, அதே உப்புத்தாள், அதே உழைப்பு. அதோடு அடித்தட்டு முழுதும் கண்ணாடிச் சமமாக வேண்டும் என்பதும் மிகை. முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை மூன்றும் ஒரே தளத்தில் நின்றால் போதும். உழைக்காமல் வேண்டும் என்றால் மெய்ன் மாநிலத்தில் 1981 முதல் இயங்கும் லீ-நீல்சன் கம்பெனியின் இழைப்புளி பெட்டியிலிருந்து எடுத்ததுமே ஏறக்குறைய தயார். பெட்ராக் அமைப்பு, தடித்த பிளேடு, துல்லியமான கடைசல். அது 4ஆம் எண் ஸ்டான்லியைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விலை 300 டாலருக்கு மேல். அன்றாடம் கூலிக்கு வேலை செய்பவர், மணி நேரத்தைக் காசாக எண்ணுபவர், அதை வாங்குவதே கணக்குப்படி சரி. வார இறுதியில் மேசை நாற்காலி செய்பவருக்கு அந்தக் கூடுதல் 280 டாலர் மரத்துக்குப் போனால் இன்னும் நல்லது. தவிர, பழையதைப் பிரித்து மாட்டியவருக்குக் கருவியின் ஒவ்வொரு திருகும் எதற்கு என்று தெரிந்துவிடும். அந்த அறிவு இல்லாவிட்டால் 300 டாலர் இழைப்புளியும் ஒரு மாதத்தில் மழுங்கி நிற்கும்.

இந்த அளவுகோலை மற்றக் கருவிகளுக்கு நீட்டும்போது எச்சரிக்கை வேண்டும். உளிக்கும் கைரம்பத்துக்கும் இது அப்படியே பொருந்தும். ரம்பத் தகட்டை முனையிலிருந்து கண்ணோட்டிப் பார்த்து மடிப்பு இல்லையென்றால் பல் தீட்டிக்கொள்ளலாம். பட்டறை வைசில் தாடையும் திருகும் சரியாக இருந்தால் மேல்துரு பொருட்டே இல்லை. அரம் விதிவிலக்கு. அதன் பல்தான் அதன் உயிர், தேய்ந்தால் வீட்டில் மீட்க முடியாது, எனவே பழைய அரத்தை இரும்பாகத்தான் வாங்க வேண்டும். மின்கருவிகளில் வாதம் தலைகீழாகிறது. 1950களின் உலோக உடல் டிரில்லிங் மெஷின் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், பழுதும் பார்க்கலாம். ஆனால் பல மாதிரிகளில் நில இணைப்புக் கம்பி கிடையாது, வயரின் ரப்பர் உள்ளே பொடிந்திருக்கும், மின்கசிவு வந்தால் முழு உடலும் உயிர்க்கம்பி. இழைப்புளியில் மறைந்திருக்கும் குறை அதிகபட்சம் ஒரு பலகையைக் கெடுக்கும். அந்த டிரில்லை, விற்பவர் 5 டாலருக்கு இறங்கினாலும், மறுகம்பி கட்டத் தெரியாதவர் மேசையிலேயே விட்டுவிடலாம்.