நோய் தணிந்தது எதனால்? மக்கியோன் கொள்கை பற்றி ஒரு திறனாய்வு

பொதுச் சுகாதாரத்தின் வரலாற்றை ஆராய்வோர் தாமஸ் மக்கியோன் என்பாரைக் கடந்து செல்ல இயலாது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவப் பேராசிரியராக விளங்கிய இவர், 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரு நூல்களில் துணிவான கருத்தொன்றை நிலைநாட்ட முயன்றார். இங்கிலாந்திலும் வேல்சிலும் தொற்றுநோய்ச் சாவுகள் குறைந்தமைக்கு மருந்தும் மருத்துவரும் பெருங்காரணம் அல்லர். மக்களுக்கு உணவு பெருகி உடல் வலுத்ததே தலையாய காரணம் என்பது அக்கருத்து.

இதற்கு அவர் காட்டும் முதன்மைச் சான்று காசநோய். அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் 1882-இல் கண்டறிந்தார். அதனைக் கொல்லவல்ல ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தோ 1940-களின் பிற்பகுதியில்தான் நோயாளரின் கைக்கு எட்டியது. காசநோய்ச் சாவு அதற்கு நெடுநாள் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே, பெருமளவு இறங்கிவிட்டது. முன்பே தணிந்ததைப் பின்னே வந்த மருந்தின் கணக்கில் எழுதலாகாது என்கிறார் ஆசிரியர். இதுவரை அவர் சொல்வது ஏற்கத்தக்கதே. மருத்துவமனைகளை எழுப்பிவிட்டால் நலம் தானே வந்துவிடும் என்று நம்புவோருக்கு இது நல்ல பாடம்.

ஆயினும், உணவே காரணம் என்பதை அவர் நேரே நிறுவினாரல்லர். பிற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியதை உணவின் பெயரில் வரவு வைத்தார். நல்ல குடிநீருக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் இரண்டாம் இடமே தந்தார். 1988-இல் சைமன் ஸ்ரெட்டர் என்னும் வரலாற்றறிஞர் இக்குறையை எடுத்துக்காட்டி, நகராட்சிகள் போராடிச் செய்த துப்புரவுப் பணிகளுக்கு உரிய இடத்தை மீட்டுத் தந்தார்.

மக்கியோன் எழுதியது இங்கிலாந்தைப் பற்றி. எனினும் அவர் கொள்கையை எல்லா நாட்டுக்கும் விதியாகக் கூறுவோர் உளர். ஆதலின் அதனை நம் நாட்டு வரலாற்றில் உரைத்துப் பார்த்தல் தகும்.

மலாயாவில் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளரிடையே மிகுந்திருந்தது. தமிழ்த் தொழிலாளரை அவ்வளவாகப் பற்றவில்லை. முன்னவர் உண்டது தீட்டிய பச்சரிசி; பின்னவர் உண்டது புழுங்கலரிசி. 1905-06-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் இருவகை அரிசியையும் இரு பிரிவினருக்குத் தனித்தனியே வழங்கிச் சோதித்தார். தீட்டிய அரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். பின்னர், 1900-இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிரேசரும் ஸ்டாண்டனும், நோயைத் தடுக்கும் சத்து அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு நீங்குகிறது என்று காட்டினர். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. இங்கே வயிறார உண்டவரும் நோயுற்றனர் என்பதைக் கருதுக. உணவின் அளவு அன்று, தன்மையே உயிர் காத்தது. அத்தன்மையை அறிவித்தது ஆராய்ச்சி.

மலேரியாவின் கதையும் இதனையே கூறும். கொசுவின் வழியே மலேரியா பரவுவதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டார். அவ்வறிவைக் கொண்டு மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்து நோயை அடக்கினார். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்தபோது நோய் பெருகிற்று. கடலோரக் கொசு நிழலில் வளர்வது. மலையோடைக் கொசு வெயிலில் வளர்வது. எனவே அங்கே நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளிப்பும் வேண்டியதாயின. ஓரிடத்தில் நன்மை செய்த முறை வேறிடத்தில் தீமை செய்தது. இந்நுட்பம் ஒரு நாட்டின் மொத்தக் கணக்கில் தெரிவதன்று.

மருத்துவமா, வாழ்க்கை நிலையா என்று மக்கியோன் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். நம் நாட்டுச் சான்று அவ்வாறு பிரியவில்லை. கால்வாய் வெட்டியது மண்வெட்டி. எங்கே வெட்டுவது என்று சொன்னது நுண்ணோக்கி. வெட்டிய கைகளோ பெரும்பாலும் ஊரும் பேரும் பதியப்படாத கூலிகளின் கைகள். சுகாதாரப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ராஸின் பெயரையும் ஊசிமருந்தின் பெயரையும் மட்டும் சொல்லி நிறுத்தாமல், அரிசியையும் வடிகாலையும் அவற்றுக்காக உழைத்தோரையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.