மரத்தடிச் சோறும் மண்குவளைத் தேநீரும்

மயிலாப்பூர் லஸ் வழியாகப் போகும்போதெல்லாம் சி. ராமசாமி ஞாபகம் வரும். லஸ் ஹவுஸ் புச்சிபாபு நாயுடுவின் மகன். 1922இல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 1936இல், நாற்பது வயதில், இங்கிலாந்தில் இரண்டு கிரிக்கெட் டெஸ்ட். மொத்தம் 170 ரன். அதோடு சரி. 1985இல் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை.

நம்ம விளையாட்டு எழுத்தாளர்கள் இவரைப் 'பிறவி மேதை', 'மர்மம்' என்ற இரண்டு சொல்லுக்குள் அடக்கிவிடுவார்கள். ராமசாமி தன் சுயசரிதைத் தலைப்பிலேயே தன்னை ஆட்டப் பித்தர் என்கிறார். நல்ல பித்துதான். ஆனால் பித்துப் பிடிக்கவும் வசதி வேணுமில்லையா?

இவர் அப்பா கதை தெரிந்ததுதான். சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரன் பெவிலியனுக்குள் உட்கார்ந்து தின்றான். இந்திய ஆட்டக்காரர்களுக்கு மரத்தடிதான். அந்த அவமானத்தில் பிறந்தது, 1888இல் புச்சிபாபு தொடங்கிய மெட்ராஸ் யுனைடெட் கிளப். நியாயமான கோபம். மறுக்கவில்லை.

அதே காலத்தில் பூனாவில் இன்னொரு ஆள். பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்தவர். லஸ்ஸில் நின்றுகொண்டு பூனாக்காரர் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வெள்ளையர் கிளப்பில் மாசம் நாலு ரூபாய்க்கு ரோலர் இழுத்தார், வலை கட்டினார், துரைமார்களுக்குப் பந்து போட்டார். பந்து போட விட்டார்கள். மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. பிறகு 'இந்து' அணிக்கு அவர் பந்து தேவைப்பட்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண்குவளையில். ஊற்றியது வெள்ளைக்காரனில்லை, நம்மாட்கள். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்து அணிக்குக் கடைசிவரை அவரைத் தலைவராக்கவில்லை.

இங்கேதான் இந்த எழுத்தின் அரசியலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு ஆட்டம் ஆடினவர் சாதனையாளர். ரோலரும் இழுத்துப் பந்தும் போட்டவர் கூலியாள். முன்னவருக்கு இரண்டு கதவு திறந்திருந்தது. அதைத் 'திறமை' என்று எழுதுகிறார்கள். பின்னவர் ஒரு கதவையே தோளால் முட்டித் திறந்தார். அதை 'வாய்ப்பு கொடுத்தோம்' என்று எழுதுகிறார்கள். ராமசாமியின் ஆட்டத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அந்த ஆட்டத்துக்குத் தரையைச் சமன் செய்தது யார் என்ற வரி ஏன் விட்டுப்போகிறது என்பதுதான் கேள்வி.

மரத்தடிச் சோறு ஒரு கிளப்பாக எழுந்தது. இன்றும் புச்சிபாபு பெயரில் போட்டி நடக்கிறது. மண்குவளையைக் குடித்ததும் போட்டு உடைத்தார்கள். உடைந்த சில்லைப் பொறுக்கி எடுத்து வைக்கிற வேலை நம்முடையது, தோழர்களே. மயிலாப்பூர், அடையாறு மைதானங்களில் பிட்சுக்குத் தண்ணி தெளிக்கிறவரிடம் போய், "அண்ணே, நீங்க பந்து போடுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.